பாவித்த மோட்டார் படகு வாங்கும் முன்: பரிசோதனை அறிக்கையை எப்படி வாசிப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒன்ராறியோவில் படகு ஓடும் காலம் மே கடைசியிலிருந்து ஒக்ரோபர் நடு வரைதான். சிம்கோ ஏரியிலோ கவார்த்தா ஏரிகளிலோ குடும்பத்தோடு போய்வர ஒரு படகு தேடினால் விளம்பரங்களில் திரும்பத் திரும்பக் கண்ணில் படுவது ஒரு வகைதான்: 18 முதல் 22 அடி நீளம், ஃபைபர் உடல், முன்பக்கம் திறந்த இருக்கை, பின்னால் மேர்குரூசர் 4.3 லீற்றர் வி6 எஞ்சின், அதோடு அல்ஃபா வன் டிரைவ் (எஞ்சினின் சுழற்சியை ப்ரொப்பெலருக்குக் கொண்டுபோகும், பின்னால் வெளியே தொங்கும் பகுதி). வயது 15, 20, 25 வருடம். கீழே உள்ள பதில்கள் அந்த வகையை மனதில் வைத்து எழுதியவை. அவுட்போர்ட், அதாவது எஞ்சின் முழுவதும் வெளியே தொங்கும் வகை, பூட்டிய படகுக்கு எஞ்சின், டிரைவ் பற்றிய பகுதிகளில் சில பொருந்தாது. உடல், வயர், பேரம் பற்றியவை அப்படியே பொருந்தும்.

அறிக்கையில் 43 குறைகள் எழுதியிருக்கிறது. இந்தப் படகை விட்டுவிடலாமா?

குறைகளின் எண்ணிக்கையை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். 20 வருடப் படகில் கவனமான சர்வேயர் (படகைப் பரிசோதித்து அறிக்கை எழுதுபவர்) ஒருவர் நான்கு மணித்தியாலம் செலவழித்தால் 40 குறை வருவது சாதாரணம். தீயணைப்பான் காலாவதி, சமிக்ஞை வெடிகளின் திகதி முடிந்தது, ஒரு ஹோஸ் கிளிப் துருப்பிடித்தது, சீற் தையல் விட்டது என்று பக்கம் நிறையும். இவையெல்லாம் சேர்ந்தும் ஒரு சனிக்கிழமை வேலைதான். நான்கே குறை உள்ள அறிக்கையில் இரண்டாவது வரி "ட்ரான்சமில் ஈரம், தட்டும்போது மந்தமான சத்தம்" என்று, அதாவது படகின் பின்சுவரில் ஈரம் என்று, இருந்தால் அந்த ஒரு வரி முதல் அறிக்கையின் 40 வரிகளையும் விலையில் தூக்கிச் சாப்பிட்டுவிடும்.

என்னைக் கேட்டால், குறை கொஞ்சமாக எழுதிய அறிக்கைதான் முதலில் சந்தேகப்பட வேண்டியது.

அப்படியானால் குறைகளை எப்படித் தரம் பிரிப்பது?

பல சர்வேயர்கள் தாங்களே ஏ, பி, சி என்று பிரித்துத் தருவார்கள். ஏ என்றால் பாதுகாப்புக்குக் கேடு, தண்ணீரில் இறக்க முதல் திருத்த வேண்டும். பி என்றால் இந்தப் பருவத்துக்குள் பார்க்க வேண்டும். சி என்றால் அழகு, வசதி. இது படகு ஓட்டுபவருக்கான பிரிப்பு. வாங்குபவருக்கு இது மட்டும் போதாது.

ஏன் என்றால், ஏயில் வரும் பல விடயங்கள் மலிவானவை. பற்றரி கட்டப்படாமல் ஆடுகிறது என்பது ஏ; கட்ட ஒரு பெட்டியும் வாரும் போதும். பியில் வரும் சில விடயங்களோ படகின் விலையையே விழுங்கக் கூடியவை. ஸ்ட்ரிங்கரில், அதாவது அடியில் நீளவாக்கில் ஓடும் தாங்குகட்டையில், ஈரம் என்றால் "கண்காணிக்கவும்" என்று மட்டும் எழுதிவிட்டுப் போகிறவர்களும் உண்டு.

ஆகவே ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் உங்கள் கையால் இன்னொரு குறிப்பு எழுதுங்கள்: இதைத் திருத்த எதைக் கழற்ற வேண்டும்? ஒரு திருகாணியா, டிரைவா, எஞ்சினா, தளமா? தளத்தை வெட்ட வேண்டும், எஞ்சினை வெளியே தூக்க வேண்டும் என்று பதில் வந்தால் அங்கேதான் காசு போகிறது. பார்ட்ஸ் விலையை விடக் கூலிதான் இங்கே பெரிய செலவு.

"ட்ரான்சமில் ஈரமானி உயர்வாகக் காட்டியது" என்று எழுதியிருக்கிறது. எவ்வளவு பயப்பட வேண்டும்?

இது கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியது. இந்த வகைப் படகுகளில் அதிகம் பேர் காசை விட்ட இடம் இதுதான்.

ட்ரான்சம் என்பது படகின் பின்சுவர். டிரைவ் முழுவதும் அதில்தான் தொங்குகிறது. எஞ்சினின் பின்பக்கமும் அதையே பிடித்துக்கொண்டு நிற்கிறது. வெளியே ஃபைபர், உள்ளே ஃபைபர், நடுவில் பெரும்பாலான பழைய படகுகளில் ஒட்டுப்பலகை. ஃபைபர் உக்காது. ஆனால் யாரோ மீன் காட்டும் கருவியைப் பூட்டத் துளை போட்டு, சீலன்ட் வைக்காமல் திருகாணியை முறுக்கி விட்டிருப்பார்கள். அந்தத் துளையால் தண்ணீர் பலகைக்குள் போய்ப் பல வருடம் இருந்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது.

ஈரமானி காட்டும் இலக்கம் ஒரு தீர்ப்பு அல்ல. அதில் 20 என்று வந்தால் அங்கே 20 வீதம் தண்ணீர் என்று அர்த்தம் இல்லை. ஒரே படகில் காய்ந்த இடம் என்று தெரிந்த ஒரு பகுதியோடு, உதாரணமாக நீர்மட்டத்துக்கு மேலுள்ள பக்கச் சுவரோடு, ஒப்பிட்டுப் பார்க்கவே அது உதவும். பின்பக்கத்தில் உலோகத் தகடு இருந்தாலும், செம்பு கலந்த அடிப்பூச்சு இருந்தாலும், அன்று காலைதான் படகைத் தண்ணீரிலிருந்து தூக்கியிருந்தாலும் கருவி உயர்வாகக் காட்டும். அதனால் அறிக்கையில் மூன்று விடயம் சேர்ந்து வருகிறதா என்று பாருங்கள்: மானி உயர்வு, பிளாஸ்டிக் தலைச் சுத்தியலால் தட்டும்போது "டக்" என்று தெளிவாகக் கேட்காமல் "தொப்" என்று அமுங்கிய சத்தம், டிரைவைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டும்போது பின்சுவர் அசைவது. மானி மட்டும் உயர்வு என்றால் மேலும் சோதிக்க வேண்டும். மூன்றும் என்றால் கதை முடிந்தது.

மேலும் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. விற்பவரின் அனுமதியோடு, நீர்மட்டத்துக்குக் கீழே பின்சுவரில் ஏற்கெனவே இருக்கும் ஒரு திருகாணியைக் கழற்றச் சொல்லுங்கள். திருகாணி வெள்ளிப் பளபளப்போடு வந்து, அதன் மரையில் மஞ்சள் நிறக் காய்ந்த மரத்தூள் ஒட்டியிருந்தால் நல்லது. கறுத்து, ஈரமாக, தேயிலைச் சக்கை மாதிரி ஒன்று மரையோடு வந்தால், துளையிலிருந்து ஒரு சொட்டுப் பழுப்புத் தண்ணீரும் பின்னால் வந்தால், வேறு கருவி தேவையில்லை. பார்த்து முடிந்ததும் அந்தத் துளையைச் சீலன்ட் வைத்து மூட வேண்டும்.

உக்கிய ட்ரான்சத்தை மாற்ற எஞ்சினையும் டிரைவையும் கழற்ற வேண்டும். கழற்றிய பிறகுதான் ஸ்ட்ரிங்கர்களும் போய்விட்டனவா என்று தெரியும். 20 வருடப் படகுக்கு இந்த வேலையைக் கூலி கொடுத்துச் செய்தால் படகின் சந்தை விலையில் பாதியைச் சுலபமாகத் தாண்டும். தானே ஃபைபர் வேலை தெரிந்தவர், கராஜ் உள்ளவர், ஒரு கோடையை விடத் தயாரானவர் மட்டும் யோசிக்கலாம்.

ஜனவரியில் போய்ப் பார்த்தோம். ஈரமானி நல்ல இலக்கம்தான் காட்டியது. நம்பலாமா?

நம்ப வேண்டாம். பலகைக்குள் இருக்கும் தண்ணீர் உறைந்து ஐஸாக இருந்தால் மானி அதைத் தண்ணீராகக் கணக்கெடுக்காது. உறைநிலைக்குக் கீழே எடுத்த ஈர அளவு எதற்கும் உதவாது. நல்ல சர்வேயர் அன்றைய வெப்பநிலையை அறிக்கையில் எழுதியிருப்பார். எழுதாவிட்டால் கேளுங்கள்.

ஜெல்கோட்டில், அதாவது ஃபைபரின் வெளிப்பூச்சில், சிலந்திவலை போல வெடிப்புகள், அடியில் சின்னச் சின்னக் கொப்புளங்கள். இவை?

கொப்புளம் பெரும்பாலும் பேரம் பேச நல்ல விடயம், பயப்பட அவ்வளவு நல்ல விடயம் அல்ல. நன்னீரில் வருடக்கணக்காகக் கட்டிக்கிடந்த படகில் உப்புநீரை விடக் கொப்புளம் அதிகமாகவே வரும். கொப்புளத்தால் மூழ்கிய படகைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ட்ரெயிலரில் ஏற்றி இறக்கும் படகில் கொப்புளம் இருந்தால் முன்னைய சொந்தக்காரர் அதைத் துறையிலேயே வைத்திருந்தார் என்ற தகவல் கிடைக்கிறது, அவ்வளவுதான்.

வெடிப்பை மட்டும் அது எந்த இடத்தில், எந்த வடிவில் என்று பார்க்க வேண்டும். ஒரு புள்ளியிலிருந்து நட்சத்திரம் போல விரிந்தால் அங்கே ஏதோ விழுந்திருக்கிறது, அல்லது ஒரு கம்பியின் அடி இழுபட்டிருக்கிறது. ஒன்றுக்கொன்று சமாந்தரமாக, அடியில் ஸ்ட்ரிங்கர் ஓடும் கோட்டை ஒட்டியோ, பின்சுவர் பக்கச்சுவரோடு சேரும் மூலையிலோ ஓடினால் உடல் வளைந்து கொடுக்கிறது என்று பொருள். அந்த மூலை வெடிப்பையும் மேலே சொன்ன ட்ரான்சம் ஈரத்தையும் சேர்த்து வாசியுங்கள்.

கொம்பிரஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) இலக்கங்கள் தந்திருக்கிறார்கள். எப்படி வாசிப்பது?

உதாரணமாக ஆறு சிலிண்டருக்கும் 150, 155, 150, 148, 152, 110 என்று வருகிறது என்று வையுங்கள். 150 என்பது நல்ல இலக்கமா என்று இணையத்தில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். மானிக்கு மானி, எஞ்சின் சூட்டுக்குச் சூடு, பற்றரியின் பலத்துக்குப் பலம் அது மாறும். பார்க்க வேண்டியது ஆறும் ஒன்றோடொன்று ஒத்திருக்கின்றனவா என்பதே. 10, 15 வீத வித்தியாசத்துக்குள் இருந்தால் மெக்கானிக்குகள் பொதுவாகத் திருப்திப்படுவார்கள். இங்கே ஆறாவது சிலிண்டர் நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைவு.

அடுத்த கேள்வி ஏன் குறைவு என்பது. அந்தச் சிலிண்டருக்குள் ஒரு கரண்டி ஒயில் விட்டு மீண்டும் அளந்தால் இலக்கம் ஏறுகிறதா? ஏறினால் பிஸ்டன் வளையம் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வ் பக்கம். 3, 5 என்று ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து இரண்டு சிலிண்டர் சேர்ந்து குறைந்தால் நடுவில் ஹெட் காஸ்கெட் போயிருக்க வாய்ப்பு அதிகம். இந்த இரண்டாவது சோதனை செய்யாமல் "ஒரு சிலிண்டர் குறைவு" என்று மட்டும் எழுதிய அறிக்கை பாதி வேலைதான். அதை வைத்துப் பேரம் பேச முடியாது. மெக்கானிக்கைத் திரும்ப அனுப்ப வேண்டும்.

இன்னொன்று: பெரும்பாலான சர்வேயர்கள் எஞ்சினைத் திறக்க மாட்டார்கள். உடல், வயர், பாதுகாப்பு அவர்களுடையது. எஞ்சினுக்குத் தனியாக மரீன் மெக்கானிக் ஒருவரைப் பிடிக்க வேண்டும். இரண்டு பேருக்கும் கொடுக்கும் காசைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் உண்டு. 2,000 டொலர் அலுமினியப் படகுக்கு அது மிகைதான். 20,000 டொலர் படகுக்கு மிகை இல்லை.

"எஞ்சின் பிளொக்கில் எபொக்சி பூச்சு, புதிதாக அடித்த வர்ணம்" என்று ஒரு குறிப்பு. இது பெரிய விடயமா?

இந்த நாட்டில் இதுதான் எஞ்சினில் பெரிய விடயம். இந்த வகை எஞ்சின்களில் பல ஏரித் தண்ணீரையே நேராக உள்ளே இழுத்துக் குளிர்ந்துகொள்பவை. ஒக்ரோபரில் பிளொக்கிலிருந்து தண்ணீரை வடிக்காமலும் இளஞ்சிவப்பு அன்ரிஃப்ரீஸ் ஓட்டாமலும் விட்டால் டிசம்பரில் உள்ளே தண்ணீர் உறையும். உறையும்போது கிட்டத்தட்ட 9 வீதம் விரியும். இரும்புப் பிளொக் வெடிக்க அது தாராளமாகப் போதும். பக்கத்தில் உள்ள தகட்டு மூடிகள் கழன்று காப்பாற்றும் என்று சொல்வார்கள், எப்போதும் காப்பாற்றாது.

வெடிப்பு வழக்கமாக மனிபோல்ட்டுக்கு, அதாவது புகை வெளியேறும் குழாய்த் தொகுதிக்கு, கீழே, பிளொக்கின் பக்கவாட்டில், கிடையாக ஓடும். சிலர் அதை எபொக்சியால் பூசி, மேலே கறுப்பு வர்ணம் அடித்து, வசந்தத்தில் விற்பனைக்குப் போடுவார்கள். 20 வருட எஞ்சினில் அந்த ஒரு இடம் மட்டும் புதுசாக மின்னினால் டோர்ச் அடித்து, சின்னக் கண்ணாடி ஒன்றைக் கீழே பிடித்து வடிவாகப் பார்க்கச் சொல்லுங்கள். துரு வடிந்த நேர்கோடு ஒன்று வர்ணத்துக்கு வெளியே எட்டிப் பார்க்கும். உட்பக்கமாக வெடித்தால் வெளியே ஒன்றும் தெரியாது. எஞ்சின் ஒயில் பால்தேநீர் நிறத்துக்கு மாறுவதுதான் அடையாளம். அதனால்தான், "ஒயில் நேற்றுத்தான் மாற்றினேன்" என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால் அது ஒரு நல்ல செய்தி மட்டும் அல்ல. எஞ்சினை ஏரியில் முழுச்சூட்டில் அரை மணித்தியாலம் ஓட்டிய பிறகு ஒயிலைத் திரும்பப் பாருங்கள்.

ஒவ்வொரு பனிக்காலத்துக்கும் தண்ணீரை வடித்து எஞ்சினை யார் மூடினார்கள், பில் இருக்கிறதா என்று கேளுங்கள். தானே செய்தேன் என்றால் எப்படிச் செய்தார் என்று சொல்லச் சொல்லுங்கள். செய்தவருக்கு எத்தனை வடிகால் திருகாணி, எங்கே என்று வாயில் வரும்.

டிரைவ் ஒயிலில் தண்ணீர் என்று எழுதியிருக்கிறது. பெலோஸ் "வயதானது" என்றும் இருக்கிறது.

இரண்டும் வேறு வேறு குறைகள்.

டிரைவின் அடியில் உள்ள வடிகால் திருகாணியைக் கழற்றினால் முதலில் வருவது தண்ணீரா ஒயிலா என்று தெரிந்துவிடும், தண்ணீர் பாரமானது என்பதால். பால் போல வந்தால் ஏதோ ஒரு சீல் போய்விட்டது. சீல் மாற்றுவது பெரிய வேலை இல்லை. அந்தத் தண்ணீரோடு எவ்வளவு காலம் ஓடினார்கள் என்பதுதான் கேள்வி. திருகாணியின் காந்த முனையில் மிருதுவான சாம்பல் பசை ஒட்டியிருப்பது வழமை. விரலில் குத்தக் கூடிய உலோகத் துண்டு ஒட்டியிருந்தால் உள்ளே பற்சக்கரம் உடைகிறது. அப்படியானால் சீலின் விலையை மறந்துவிட்டு டிரைவின் விலையைக் கேளுங்கள்.

பெலோஸ் என்பது டிரைவுக்கும் பின்சுவருக்கும் நடுவில் உள்ள மடிப்பு மடிப்பான றப்பர் உறை. நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. அது கிழிந்தால் தண்ணீர் உள்ளே வரும். துறையில் கட்டியபடியே மூழ்கிய படகுகளில் இது ஒரு பிரபலமான காரணம். விரலால் மடிப்பைப் பிரித்துப் பார்க்கும்போது உள்மடிப்பில் வெடிப்புத் தெரிந்தால் மாற்ற வேண்டும். கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று தெரியாவிட்டாலும் மாற்ற வேண்டும். டிரைவைக் கழற்றித்தான் மாற்ற முடியும், ஆகவே அதே கூலியில் பெயரிங்கையும் எஞ்சின் நேர்கோட்டில் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுவார்கள். படகைத் திருப்பும்போது பின்னால் உறுமல் சத்தம் கேட்டதாக அறிக்கையில் இருந்தால் பெயரிங்குக்கு ஏற்கெனவே தண்ணீர் போயிருக்க வாய்ப்பு அதிகம்.

இதை விற்பவரின் குற்றமாகப் பார்க்காதீர்கள். காருக்கு ரயர் மாதிரி, இது காலம் வந்தால் மாற்றும் பொருள். விலையில் கழிக்கக் கேட்கலாம். படகை விட்டுவிடக் காரணம் இல்லை.

தண்ணீரில் ஓட்டியபோது எஞ்சின் நிமிடத்துக்கு 4,000 சுற்றுக்கு மேல் போகவில்லை என்கிறார் சர்வேயர். விற்பவர் "ப்ரொப்பெலர்தான் பிரச்சினை" என்கிறார். யார் சரி?

விற்பவர் சரியாகவும் இருக்கலாம். 4.3 லீற்றர் மேர்குரூசருக்கு முழு த்ரொட்டிலில் 4,400 முதல் 4,800 சுற்று வர வேண்டும். 4,000இல் நிற்கிறது என்றால் நான்கு காரணம்: பிட்ச் (ஒரு சுற்றில் முன்னே தள்ளும் தூரம்) கூடிய ப்ரொப்பெலர், அடியில் பாசியும் சிப்பியும், கூடுதல் பாரம், பலவீனமான எஞ்சின். பாரத்தில் ஒன்று யாரும் யோசிக்காதது: தளத்துக்குக் கீழே உள்ள நுரை தண்ணீர் குடித்துப் பாரமாகியிருப்பது.

ப்ரொப்பெலரின் நடுவில் அதன் பிட்ச் அச்சடித்திருக்கும். ஒரு அங்குலம் குறைத்தால் 150 முதல் 200 சுற்று ஏறும். ஆக, விற்பவர் சொல்வது உண்மை என்றால் குறைந்தது இரண்டு அங்குலம் கூடிய ப்ரொப்பெலர் பூட்டியிருக்க வேண்டும். அந்தப் படகுக்கு எது வழக்கம் என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும். கொம்பிரஷன் சமமாக, அடி சுத்தமாக, ப்ரொப்பெலர் சரியாக இருந்தும் 4,000 என்றால் நுரையையும் ஸ்ட்ரிங்கரையும் பற்றி யோசிக்க வேண்டும். ட்ரெயிலரோடு ஒரு தராசில் ஏற்றிப் பாருங்கள். கழிவு நிலையங்களிலும் கல்மண் விற்கும் இடங்களிலும் வாகனத் தராசு உண்டு.

பெற்றோல், வயர் பக்கம் எதை விட்டுக்கொடுக்கக் கூடாது?

எதையும். பெற்றோல் ஆவி காற்றை விடப் பாரமானது. எஞ்சின் அறையின் அடியில் போய்த் தேங்கும். ஸ்ரார்ட் பண்ண முதல் நான்கு நிமிடம் புளோவரை, அதாவது ஆவியை வெளியே இழுக்கும் விசிறியை, போடச் சொல்வது இதற்குத்தான். புளோவர் "வேலை செய்கிறது" என்று அறிக்கையில் இருந்தால் அது சத்தம் போடுகிறதா, காற்றை இழுக்கிறதா என்று கேளுங்கள். வெளித்துவாரத்தில் ஒரு கடதாசியைப் பிடித்தால் தெரியும். குழாய் உள்ளே கழன்று விழுந்து, மோட்டார் மட்டும் சும்மா சுற்றும் படகுகள் நிறைய.

கார் பார்ட்ஸ் பூட்டியிருக்கிறது என்ற வரியைத் தேடுங்கள். காரின் ஸ்ரார்ட்டரும் அல்ரனேற்றரும் பார்க்க ஒன்று போலத்தான் இருக்கும், விலையும் குறைவு. மரீன் வகையில் தீப்பொறி வெளியே வராதபடி மூடியிருப்பார்கள். கார் வகையில் அது இல்லை. எஞ்சினுக்குப் போகும் பெற்றோல் ஹோஸில் ஏ1 என்ற அச்சு இருக்க வேண்டும், தீயைக் கொஞ்ச நேரம் தாங்கும் வகை அது. எஞ்சினுக்குப் போகும் ஹோஸை மாற்றியவர்கள்கூட நிரப்பும் மூடியிலிருந்து பெற்றோல் தாங்கிக்குப் போகும் பெரிய ஹோஸை மறந்துவிடுவார்கள். எதனோல் கலந்த பெற்றோல் பழைய றப்பரைத் தின்றுவிடும்.

தளத்துக்குக் கீழே நுரையில் புதைந்த அலுமினியத் தாங்கி கசிகிறது என்றால் அது தளத்தை வெட்டும் வேலை. இந்தப் பகுதியில் மற்ற எல்லாமே சில நூறு டொலருக்குள் அடங்கும்; அதனாலேயே "பிறகு பார்ப்போம்" என்று தள்ளிப்போட நியாயம் இல்லை.

"அணுக முடியாததால் பரிசோதிக்கவில்லை" என்று பல இடத்தில் இருக்கிறது. சர்வேயர் ஏமாற்றுகிறாரா?

இல்லை. நேர்மையாக எழுதியிருக்கிறார். சர்வேயருக்கு வெட்டவோ உடைக்கவோ அனுமதி இல்லை; மூடியிருக்கும் இடத்தை அவர் பார்க்க முடியாது. ஆனால் இந்த வரிகளைக் குறைகளுக்குச் சமமாக எண்ணுங்கள். ஸ்ட்ரிங்கர், தாங்கி, தளத்தின் அடி மூன்றும் "பரிசோதிக்கவில்லை" என்றால் விலை கூடிய மூன்று விடயமும் உங்களுக்குத் தெரியாது. கம்பளத்தைத் தூக்க, ஆய்வு மூடியைத் திறக்க, சாமான்களை வெளியே எடுத்து வைக்க விற்பவரிடம் முதல் நாளே சொல்லிவிட்டால் பாதி வரி குறையும்.

விற்பவரே போன வருட அறிக்கை ஒன்று தருகிறார். அது போதாதா? அல்லது அவர் சொல்லும் சர்வேயரைப் பிடிக்கலாமா?

பழைய அறிக்கையை வாங்கி வாசியுங்கள், அது நல்ல ஆவணம். போன வருடம் சொன்ன குறைகளில் எதைத் திருத்தினார் என்பது மனிதரைப் பற்றிச் சொல்லும். ஆனால் காப்புறுதிக்காக எழுதிய அறிக்கை வாங்குபவருக்காக எழுதியதை விட மேலோட்டமாக இருக்கும். சர்வேயரை நீங்கள் தெரிவு செய்து, நீங்கள் காசு கொடுக்க வேண்டும். கனடாவில் சர்வேயர் என்று யாரும் பலகை போடலாம், அரசாங்க உரிமம் கிடையாது. சாம்ஸ், நாம்ஸ் போன்ற சங்கங்களில் உறுப்பினரா, ஏபிஒய்சி (அமெரிக்கப் படகுத் தரக் குழு) விதிகளைக் கொண்டு எழுதுகிறாரா என்று கேளுங்கள். படகைப் பார்க்கும் நாளில் நீங்களும் கூட நில்லுங்கள். கடதாசியில் எழுதத் தயங்குவதை வாயால் சொல்வார்கள்.

மாமா ஊரில் போட் ஓட்டியவர். அவரைக் கூட்டிக்கொண்டு போனால் போதாதா?

கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள். யாழ்ப்பாணத்தில் குருநகரிலோ மயிலிட்டியிலோ ஃபைபர் போட்டோடு வளர்ந்தவர் தட்டிப் பார்த்தே பல விடயம் சொல்வார். அவுட்போர்ட் சத்தத்தை வைத்தே சிலிண்டர் விடுகிறது என்று கண்டுபிடிப்பார். ஆனால் அங்குள்ள மீன்பிடிப் படகு திறந்த படகு, உள்ளே எல்லாம் கண்ணுக்குத் தெரியும். இங்கே கம்பளத்துக்கும் சீற்றுக்கும் கீழே இருப்பதுதான் பிரச்சினை. உறைபனியில் வெடித்த பிளொக்கை அங்கே யாரும் கண்டிருக்க மாட்டார்கள்.

விலையை எப்படிக் குறைப்பது?

அறிக்கை முழுவதையும் விற்பவர் முன்னால் விரிக்காதீர்கள். தையல் விட்ட சீற்றிலிருந்து தொடங்கினால் மனிதருக்குக் கோபம் வரும், நியாயமான கோபம். 20 வருடப் படகு என்பது விலையிலேயே இருக்கிறது.

பேச வேண்டியது, பார்க்கும்போது தெரியாமல் இருந்து பரிசோதனையில் தெரிந்தவை மட்டும்: கொம்பிரஷன், டிரைவ் ஒயில், பெலோஸ், தாங்கி. அவற்றுக்கு ஒரு மரீனாவிடம் எழுத்தில் மதிப்பீடு வாங்கி அதைக் காட்டுங்கள். "மூவாயிரம் போகும் என்று நினைக்கிறேன்" என்பதற்கும் தலைப்புக் கடிதத்தில் 2,850 என்று எழுதியதற்கும் பேச்சில் நிறைய வித்தியாசம். "நானே திருத்தித் தருகிறேன்" என்று விற்பவர் சொன்னால் நான் சம்மதிக்க மாட்டேன். விற்கப் போகிற படகில் யாரும் நல்ல பார்ட்ஸ் போடுவதில்லை. காசாகக் கழித்துவிட்டு, உங்கள் மெக்கானிக்கைக் கொண்டு செய்யுங்கள்.

இதெல்லாம் நடக்க வேண்டும் என்றால் முற்பணம் கொடுக்கும்போதே "பரிசோதனையும் தண்ணீர் ஓட்டமும் வாங்குபவருக்குத் திருப்தியாக இருந்தால் மட்டும்" என்று எழுதியிருக்க வேண்டும். அந்த வரி இல்லாமல் முற்பணம் கொடுத்தால் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு கெஞ்ச வேண்டியதுதான்.

காப்புறுதிக்காரர் அறிக்கையைக் கேட்கிறார். கொடுக்கலாமா?

பழைய படகுக்குப் பெரும்பாலும் கேட்பார்கள், கொடுத்தாக வேண்டும். ஏ பட்டியலில் உள்ளதைத் திருத்தியதாக எழுத்தில் உறுதி கேட்பார்கள். திருத்தாமல் திருத்தியதாக எழுதிக் கொடுத்தால், தீப்பிடித்த நாளில் அந்தக் கடிதம் உங்களுக்கு எதிராகவே நிற்கும்.

படகோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய பத்திரங்கள்?

பின்சுவரின் வலது மேல் மூலையில் 12 எழுத்துகள் கொண்ட உடல் இலக்கம் இருக்கும். அது அறிக்கையிலும் உரிமத்திலும் விற்பனைப் பத்திரத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும். கடைசி இரண்டு இலக்கம் மாடல் வருடம்; விளம்பரத்தில் சொன்ன வருடத்தோடு ஒப்பிடுங்கள், சில வேளை படகு ஒரு வருடம் கிழவனாகிவிடும். 10 குதிரைவலு அல்லது அதற்கு மேற்பட்ட மோட்டார் என்றால் உரிம இலக்கம் இருக்க வேண்டும். விற்பவரின் பெயரில் கடன் ஏதும் படகின் மேல் பதிவாகியிருக்கிறதா என்று மாகாணப் பதிவேட்டில் தேடலாம், சிறிய கட்டணம்தான். தனியாரிடம் வாங்கினாலும் ஒன்ராறியோவில் 13 வீத வரி உண்டு, அதைக் கணக்கில் வையுங்கள்.

ட்ரெயிலருக்குத் தனிப் பதிவு. படகோடு சேர்த்து 1,360 கிலோ அல்லது அதற்கு மேல் என்றால் அதற்குப் பிரேக் இருக்க வேண்டும், இருந்தால் போதாது, பிடிக்கவும் வேண்டும்.

ஒக்ரோபர் முடிந்துவிட்டது, படகு ஏற்கெனவே பிளாஸ்டிக் சுற்றிக் கிடக்கிறது. விலை நன்றாக இருக்கிறது. தண்ணீரில் ஓட்டிப் பார்க்காமல் வாங்குவதா?

விலை குறைவதே அதனால்தான். வாங்கலாம், ஆனால் இரண்டு கட்டமாக. உடலும் வயரும் இப்போது பரிசோதிக்கலாம், உறைபனி தொடங்க முதல் என்றால் ஈரமானியும் பிடிக்கலாம். எஞ்சினும் டிரைவும் மே மாதம் தண்ணீரில் என்று ஒப்பந்தத்தில் எழுதி, விலையில் ஒரு பகுதியை அதுவரை நிறுத்தி வையுங்கள். எஞ்சின் திருத்த எவ்வளவு போகுமோ அவ்வளவாவது இருக்க வேண்டும், 200 டொலரை நிறுத்தி வைத்துப் பயன் இல்லை. பனிக்காலத்தில் படகு யாருடைய காணியில், யாருடைய காப்புறுதியில் நிற்கிறது என்றும் எழுதுங்கள். எஞ்சினை யார் மூடினார்கள், பில் எங்கே என்ற கேள்வியை இப்போதே கேட்டு, அந்தப் பில்லின் பிரதியை ஒப்பந்தத்தோடு இணைத்துவிடுங்கள்.